5 ஸ்டார் கார்னா எவ்வளவு சேஃப்? ஷோரூம் போறதுக்கு முன்னாடி ஸ்டார் ரேட்டிங்கை படிக்கத் தெரிஞ்சுக்கோங்க!

புது கார் விளம்பரம் எதை எடுத்தாலும் இப்போது பெரிய எழுத்தில் நிற்கும் வரி "5 ஸ்டார் சேஃப்டி". பத்து வருஷத்துக்கு முன்னால் கார் வாங்கப் போகிறவர் கேட்ட முதல் கேள்வி "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். இப்போது அதோடு சேர்த்து "எத்தனை ஸ்டார்?" என்றும் கேட்கிறார்கள். நல்ல மாற்றம்தான்.

ஆனால் அந்த ஸ்டார் எதுக்குக் கொடுக்கப்படுது? 5 ஸ்டார் வாங்கிய கார் எந்த விபத்திலும் காப்பாற்றிவிடுமா? ஒரே காருக்கு விளம்பரத்தில் 5, ரிப்போர்ட்டில் 3 என்று இருப்பது எப்படி? பத்து லட்சம், பதினைந்து லட்சம் போட்டு குடும்பத்துக்காக வாங்குகிற ஒரு பொருளைப் பற்றி, விளம்பரத்தில் வரும் ஒற்றை எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்டார் கொடுக்கிறது யாரு?

இந்தியாவில் கார்களுக்கு இப்போது ஸ்டார் கொடுப்பது பாரத் என்கேப். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் திட்டம் இது. 2023 ஆகஸ்ட் 22-ல் அமைச்சர் நிதின் கட்கரி இதைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. சோதனை விதிகள் அனைத்தும் ஏஐஎஸ்-197 என்ற தரநிலை ஆவணத்தில் இருக்கின்றன.

அதற்கு முன்பு இந்திய கார்களுக்கு ஸ்டார் கொடுத்தது பிரிட்டனைச் சேர்ந்த குளோபல் என்கேப் என்ற அமைப்பு. இந்தியாவில் விற்கும் கார்களை ஜெர்மனிக்குக் கொண்டு போய் மோதிப் பார்த்தார்கள். 2014-ல் முதல் ரிசல்ட் வெளியானபோது நாடே கொஞ்சம் ஆடிப்போனது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ என சோதித்த ஐந்து கார்களின் அடிப்படை மாடலுக்கும் கிடைத்தது ஜீரோ ஸ்டார்.

அங்கிருந்து தொடங்கிய பயணம் வேகமாக நகர்ந்தது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், குளோபல் என்கேப்பில் 5 ஸ்டார் வாங்கிய முதல் 'மேட் இன் இந்தியா' கார் ஆனது. 2023 டிசம்பரில் பாரத் என்கேப்பின் முதல் ரிசல்ட்டில் டாடா ஹாரியரும் சஃபாரியும் 5 ஸ்டார் பெற்றன. 2024 நவம்பரில் மாருதி சுஸுகியின் புது டிசையர் குளோபல் என்கேப்பில் 5 ஸ்டார் வாங்கியது. மாருதிக்கு அதுதான் முதல் 5 ஸ்டார்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பாரத் என்கேப் கட்டாயம் கிடையாது. கார் நிறுவனம் விருப்பப்பட்டு விண்ணப்பித்தால்தான் சோதனை நடக்கும். அதனால் ஒரு காருக்கு ரேட்டிங்கே இல்லை என்றால் அது மோசமான கார் என்று அர்த்தமில்லை. நல்ல கார் என்றும் அர்த்தமில்லை. சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் "ஏன் இன்னும் சோதனைக்கு அனுப்பலை?" என்று கேட்க வாங்குகிறவருக்கு முழு உரிமை இருக்கு. வெளிநாட்டில் சோதிக்க சுமார் 2.5 கோடி ரூபாய் ஆன செலவு, இங்கே சுமார் 60 லட்சம்தான் ஆகும் என்று திட்டத்தைத் தொடங்கும்போதே அரசு சொல்லிவிட்டது.

அரசு அனுமதிச்ச கார் எப்படி ஜீரோ ஸ்டார் வாங்குது?

பலருக்கும் குழப்பம் வரும் இடம் இது. சாலையில் ஓட அரசே அனுமதி கொடுத்த கார் எப்படி பாதுகாப்பில் ஜீரோ வாங்க முடியும்?

காரணம் எளிது. சட்டம் கேட்பது குறைந்தபட்ச பாஸ் மார்க். ஸ்டார் ரேட்டிங் என்பது அதற்கு மேல் வைக்கப்படும் இன்னொரு பரீட்சை. சட்டப்படி முன்பக்க மோதல் சோதனை மணிக்கு 56 கி.மீ வேகத்தில் நடக்கும். ஸ்டாருக்கான சோதனை நடப்பது 64 கி.மீ வேகத்தில்.

வெறும் 8 கி.மீ தானே என்று தோன்றும். ஆனால் மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 56-ல் இருந்து 64-க்குப் போனாலே சக்தி சுமார் 30 சதவீதம் அதிகமாகிவிடும்.

64 கி.மீ வேகம் என்பதை வேறு மாதிரி புரிஞ்சுக்கலாம். சுமார் 16 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது கிட்டத்தட்ட ஐந்து மாடி உயரத்தில் இருந்து ஒரு கார் கீழே விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்குமோ அதுதான் 64 கி.மீ.

சோதனை எப்படி நடக்கும்?

பாரத் என்கேப்பில் முக்கியமாக மூன்று மோதல்கள்.

முதலாவது, முன்பக்க மோதல். கார் 64 கி.மீ வேகத்தில் போய் ஒரு தடுப்பில் மோதும். காரின் முழு முகமும் மோதாது. ஓட்டுநர் பக்கம் 40 சதவீதம் மட்டும்தான் மோதும். எதிரே வரும் வண்டி ஓவர்டேக் எடுக்கும்போது கடைசி நேரத்தில் ஒதுங்கியும் பாதி முகம் இடிக்குமே, அந்த மாதிரி. தடுப்பின் முன்புறம் நசுங்கும் அலுமினிய தேன்கூடு அமைப்பு இருக்கும். எதிரே வரும் காரின் முகம் நசுங்குவது போல அது நசுங்கும்.

இரண்டாவது, பக்கவாட்டு மோதல். நிற்கும் காரின் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி மாதிரியான தடுப்பு 50 கி.மீ வேகத்தில் வந்து இடிக்கும். சிக்னலில் குறுக்கே வந்து அடிக்கும் விபத்துக்கான சோதனை இது.

மூன்றாவது, கம்ப மோதல். கார் பக்கவாட்டில் 29 கி.மீ வேகத்தில் நகர்ந்து ஒரு இரும்புக் கம்பத்தில் மோதும். சறுக்கிப் போய் மரத்திலோ மின்கம்பத்திலோ இடிப்பது போல. வேகம் குறைவுதான். ஆனால் முழு சக்தியும் ஒரு மெல்லிய கோட்டில், நேராக ஓட்டுநரின் தலை இருக்கும் இடத்தில் இறங்கும். கர்ட்டன் ஏர்பேக்கின் அருமை தெரிவது இங்கேதான்.

காருக்குள் மனிதர்களுக்குப் பதிலாக டம்மிகள் உட்கார்ந்திருக்கும். முன்பக்க மோதலில் முன்சீட்டுகளில் இரண்டு பெரியவர் டம்மிகள். பின்சீட்டில் சைல்டு சீட்டில் கட்டப்பட்ட இரண்டு குழந்தை டம்மிகள், ஒன்றுக்கு ஒன்றரை வயது, இன்னொன்றுக்கு மூணு வயது. தலை, கழுத்து, நெஞ்சு, முட்டி, பாதம் என்று ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு அடி விழுந்தது என்பதை சென்சார்கள் பதிவு செய்யும்.

இந்த மாதிரி சோதனைக் கூடங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி மையமும் அதில் ஒன்று.

மார்க் கணக்கு இதுதான்

பெரியவர்கள் பாதுகாப்புக்கு மொத்தம் 32 மார்க். முன்பக்க மோதலுக்கு 16, பக்கவாட்டு மோதலுக்கு 16.

குழந்தைகள் பாதுகாப்புக்கு மொத்தம் 49 மார்க். மோதலில் டம்மிக்கு கிடைத்த பாதுகாப்புக்கு 24, சைல்டு சீட்டை சரியாகப் பொருத்த முடிகிறதா என்பதற்கு 12, காரில் அதற்கான வசதிகள் இருக்கிறதா என்பதற்கு 13.

ஸ்டார் கணக்கு:

• 5 ஸ்டார்: பெரியவர் 27, குழந்தை 41
• 4 ஸ்டார்: பெரியவர் 22, குழந்தை 35
• 3 ஸ்டார்: பெரியவர் 16, குழந்தை 27
• 2 ஸ்டார்: பெரியவர் 10, குழந்தை 18
• 1 ஸ்டார்: பெரியவர் 4, குழந்தை 9

இவை எல்லாம் குறைந்தபட்ச மார்க். அதாவது 27 வாங்கினாலும் 5 ஸ்டார்தான், 32-க்கு 32 வாங்கினாலும் 5 ஸ்டார்தான். ஹாரியரும் சஃபாரியும் பெரியவர் பிரிவில் வாங்கியது 30.08. மஹிந்திராவின் எலெக்ட்ரிக் எஸ்யூவி எக்ஸ்இவி 9இ முழுசா 32 மார்க் வாங்கியது. விளம்பரத்தில் எல்லாமே "5 ஸ்டார்" தான். அதனால் ஸ்டாரோடு நிறுத்தாமல் மார்க்கையும் பாருங்க.

மூணு ஸ்டாரும் அதற்கு மேலும் வாங்க, மார்க் மட்டும் போதாது. கார் சறுக்காமல் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, முன்சீட்டுகளுக்கு சீட் பெல்ட் நினைவூட்டல், நடந்து போகிறவர்கள் மீது மோதினால் காயத்தைக் குறைக்கும் முகப்பு அமைப்பு ஆகியவையும் இருக்கணும்.

பாடி முக்கியமா, ஏர்பேக் முக்கியமா?

"இதுல ஆறு ஏர்பேக் சார்" என்பது ஷோரூமில் அடிக்கடி கேட்கும் வசனம். ஏர்பேக் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றுமா? 2014-ல் ஜீரோ வாங்கிய அதே ஐந்து கார்களில் இதற்கு பதில் இருக்கு.

ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் மோதலில் பயணிகள் உட்காரும் கூடே நசுங்கிப்போனது. அப்படி நசுங்கினால் ஏர்பேக் இருந்தாலும் பலன் குறைவு. ஆனால் போலோவிலும் ஃபிகோவிலும் கூடு உறுதியாக நின்றது. ஏர்பேக் இல்லாததால்தான் டம்மியின் தலையும் நெஞ்சும் அடி வாங்கி, ஜீரோ கிடைத்தது. அதே போலோவை இரண்டு ஏர்பேக் வைத்து சோதித்தபோது பெரியவர் பிரிவில் 4 ஸ்டார் வந்தது! கூடு ஒன்றுதான், ஏர்பேக் மட்டும்தான் வித்தியாசம்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 2016-ல் ரெனோ க்விட் காரை ஓட்டுநர் ஏர்பேக்கோடு சோதித்தும் கிடைத்தது ஜீரோதான். அங்கே கூடு தாங்கவில்லை.

ரெண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. கூடு உறுதியாக நின்று உள்ளே உயிர் வாழ இடம் மிச்சம் வைக்கணும். அந்த இடத்துக்குள் ஆளைப் பிடித்து நிறுத்துவது பெல்ட்டும் ஏர்பேக்கும். 2025-ல் மாருதி பலேனோவை 2 ஏர்பேக் உள்ள வெர்ஷன், 6 ஏர்பேக் உள்ள வெர்ஷன் என இரண்டையும் பாரத் என்கேப் சோதித்தது. பெரியவர் பிரிவில் ரெண்டுக்குமே 4 ஸ்டார்தான். ஆறு ஏர்பேக் உள்ள காருக்கு மார்க் கூடுதலாகக் கிடைத்தது, ஆனால் ஸ்டார் மாறவில்லை.

குளோபல் என்கேப் ரிப்போர்ட்டில் காரின் கூடு "நிலையானது" அல்லது "நிலையற்றது" என்று ஒரு வரி இருக்கும். நிறைய பேர் கவனிக்காமல் விடும் வரி அது. உதாரணத்துக்கு 2022-ல் ஹூண்டாய் க்ரெட்டாவும் ஐ20-யும் 3 ஸ்டார் வாங்கின. ஆனால் இரண்டின் கூடும் "நிலையற்றது" என்றுதான் ரிப்போர்ட் சொன்னது. அதாவது சோதனையில் வந்ததை விட பெரிய அடி விழுந்தால் தாங்கும் அளவுக்கு கூட்டில் கைவசம் பலம் இல்லை என்று அர்த்தம்.

கனமான கார், பழைய கார்னா சேஃபா?

"அந்தக் காலத்து கார் எல்லாம் இரும்பு சார், இப்போ வர்றது எல்லாம் தகரம்" என்று சொல்லாத ஆள் இல்லை. கதவைச் சாத்தும்போது 'டொம்' என்று சத்தம் வந்தால் ஸ்ட்ராங் என்பதும் பலரின் நம்பிக்கை.

அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு 2009-ல் இதை நேராகவே சோதித்துப் பார்த்தது. 1959-ம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர் காரையும் 2009-ம் ஆண்டு ஷெவர்லே மலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். கெட்டி இரும்பு என்று பேர் வாங்கிய பழைய காரின் கூடு நொறுங்கி, ஸ்டீயரிங் டம்மி மீது பாய்ந்தது. புது காரின் முகம் நசுங்கியது, ஆனால் ஓட்டுநர் இடம் அப்படியே இருந்தது.

முகம் நசுங்குவது குறையல்ல. நசுங்கணும்னுதான் அதை அப்படி வடிவமைக்கிறார்கள். முன்பகுதி நசுங்கி சக்தியை வாங்கிக்கொள்ளும், நடுவில் உள்ள கூடு நசுங்காமல் நிற்கும். மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பெலா பரேனி 1950-களிலேயே இந்த யோசனைக்கு காப்புரிமை வாங்கினார். உயிரைக் காப்பாற்றுவது கையால் அழுத்திப் பார்க்கும் வெளித் தகடு இல்லை. அதற்குள் மறைந்திருக்கும் தூண்கள், அடிச்சட்டம், அதில் போட்டிருக்கும் உயர் பலம் கொண்ட ஸ்டீல். அது ஷோரூமில் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மோதிப் பார்க்க வேண்டியிருக்கு. சுமார் ஒரு டன் எடைதான் இருக்கும் டிசையர் 5 ஸ்டார் வாங்கியதும் இதனால்தான்.

அதுக்காக எடைக்கு வேலையே இல்லையா? இருக்கு. தடுப்பில் மோதும் சோதனை என்பது கிட்டத்தட்ட தன்னைப் போலவே எடை உள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். ஒரு 5 ஸ்டார் சின்ன காரும் ரெண்டு டன் எஸ்யூவியும் நேருக்கு நேர் மோதினால், சின்ன காருக்குத்தான் பாதிப்பு அதிகம். அதனால் ஒரே சைஸ், ஒரே எடை உள்ள கார்களுக்குள் ஸ்டாரை ஒப்பிடுவதுதான் சரி.

பெரியவங்களுக்கு ஒரு ஸ்டார், குழந்தைக்கு வேற ஸ்டார்

விளம்பரத்தில் தப்பிப்போகும் முக்கியமான தகவல் இது. ரேட்டிங் ஒன்றல்ல, இரண்டு.

• 2018-ல் "முதல் 5 ஸ்டார்" என்று கொண்டாடப்பட்ட நெக்ஸானுக்கு குழந்தைகள் பிரிவில் கிடைத்தது 3 ஸ்டார். 2024-ல் வந்த புது நெக்ஸான் ரெண்டு பிரிவிலும் 5 ஸ்டார் வாங்கியது.
• 2024 டிசையருக்கு குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4.
• 2025 பலேனோவுக்கு பாரத் என்கேப்பில் பெரியவர்களுக்கு 4, குழந்தைகளுக்கு 3.
• 2023-ல் மாருதி வேகன் ஆர் பெரியவர்களுக்கு 1, குழந்தைகளுக்கு ஜீரோ.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ரெண்டாவது எண்தான் உங்களுக்கு முக்கியம். அந்த எண் வருவதும் குழந்தை சைல்டு சீட்டில் கட்டப்பட்டிருக்கும்போதுதான். மடியில் உட்கார வைத்த குழந்தைக்கு எத்தனை ஸ்டாரும் பொருந்தாது. 64 கி.மீ வேகத்தில் கார் சட்டென்று நின்றால், பத்து கிலோ குழந்தையை எந்தத் தாயாலும் தகப்பனாலும் கையால் பிடித்து வைக்க முடியாது. அது பாசம் சம்பந்தப்பட்டதல்ல, இயற்பியல்.

முன்சீட்டில் குழந்தையை மடியில் வைப்பது இன்னும் ஆபத்து. கண் சிமிட்டும் நேரத்துக்குள் விரியும் ஏர்பேக்குக்கும் பெரியவருக்கும் நடுவில் குழந்தை மாட்டிக்கொள்ளும்.

14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம் உண்டு. பலருக்கும் இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

பின்சீட்ல தாத்தா பாட்டி... அவங்களுக்கு எத்தனை ஸ்டார்?

நேர்மையான பதில்: அவங்களுக்கு மார்க்கே கிடையாது. பெரியவர் டம்மிகள் உட்காருவது முன்சீட்டில் மட்டும்தான். மோதல் சோதனையில் பின்சீட்டில் இருப்பது குழந்தை டம்மிகள். ஏழு சீட்டர் காரின் மூணாவது வரிசையில் பெரியவர் டம்மி வைத்து மோதிப் பார்ப்பதில்லை.

நம்ம ஊர் குடும்பங்களில் காரின் பின்சீட் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். ஆனால் அங்கே பெல்ட் போடும் பழக்கம்தான் இல்லை. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்த்ரி 2022 செப்டம்பர் 4-ல் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் உயிரிழந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த கார். முன்சீட்டில் இருந்த ரெண்டு பேர் பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த ரெண்டு பேரும் உயிரிழந்தார்கள். பின்சீட்டில் இருந்தவர்கள் பெல்ட் அணியவில்லை என்று போலீஸ் தெரிவித்தது.

பின்சீட்டில் பெல்ட் போடாதவர் தனக்கு மட்டும் ஆபத்தைத் தேடிக்கொள்ளவில்லை. மோதலில் அவர் முன்னால் எறியப்பட்டு, பெல்ட் போட்டிருக்கும் முன்சீட்காரரின் முதுகில் வந்து இடிப்பார்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் சீட் பெல்ட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்ல, பயணிகள்.

ஸ்டாருக்கு வயசு உண்டு

2005-ல் ஐரோப்பாவில் ஃபியட் புன்ட்டோ 5 ஸ்டார் வாங்கியது. பெரிய மாற்றம் இல்லாமல் தொடர்ந்து விற்ற அதே மாடலை 2017-ல் யூரோ என்கேப் மறுபடி சோதித்தது. கிடைத்தது ஜீரோ. 12 வருஷத்தில் கார் கெட்டுப்போகவில்லை, பரீட்சை கடினமாகிவிட்டது.

இங்கேயும் அதே கதைதான். 2022 ஜூலை வரை குளோபல் என்கேப் ஸ்டார் கொடுத்தது பெரும்பாலும் முன்பக்க மோதலை வைத்து. பெரியவர்களுக்கு மொத்தமே 17 மார்க். அதன் பிறகுதான் பக்கவாட்டு மோதல், கம்ப மோதல், இஎஸ்சி எல்லாம் கணக்கில் வந்தன. அதனால் 2020-ல் வாங்கிய 5 ஸ்டாரையும் 2024-ல் வாங்கிய 5 ஸ்டாரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். "5 ஸ்டார் மாடல்" என்று சொன்னால், எந்த வருஷ சோதனை, அந்த வருஷத்துக்குப் பிறகு தயாரான வண்டிதானா என்று பாருங்க.

ஸ்டார் சொல்லாத விஷயங்கள்

வேகம்: சோதனை 64 கி.மீ-ல். நாற்கர சாலையில் ஓடுவது 100-ல். 64-ஐ விட 100-ல் மோதல் சக்தி சுமார் 2.4 மடங்கு. அந்த வேகத்தில் என்ன ஆகும் என்று எந்த ஸ்டாரும் உறுதி தரவில்லை.

நின்றிருக்கும் லாரி: சோதனைத் தடுப்பு காரின் பம்பர், பானட் உயரத்தில் இருக்கும். லாரியின் பின்பக்கம் அப்படி இல்லை. கார் அடியில் புகுந்தால், நசுங்க வேண்டிய முன்பகுதிக்கு வேலையே வராமல் நேராக கண்ணாடியும் மேற்கூரையும் அடி வாங்கும். இரவில் ஓரமாக நிற்கும் லாரி மீது மோதும் விபத்துகள் இவ்வளவு கொடூரமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

வெளியே இருப்பவர்கள்: ஸ்டார் என்பது காருக்குள் இருப்பவர்களுக்கு. 2022-ல் இந்திய சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். "என் கார் 5 ஸ்டார்" என்ற தைரியத்தில் கூடும் வேகத்துக்கு விலை கொடுப்பது அவர்களாகவும் இருக்கலாம்.

வாங்கின பிறகு நாமே கெடுப்பது

5 ஸ்டார் காரை வாங்கி வந்து, அடுத்த வாரமே ஆக்சஸரீஸ் கடையில் ரெண்டு ஸ்டாரைக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு.

• முன்பக்க கம்பி பம்பர்: மோதல் சக்தி போகும் பாதையையே மாற்றிவிடும். ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கலாம். 2017 டிசம்பரிலேயே இதைப் பொருத்துவது சட்டவிரோதம் என்று மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.
• பெல்ட் போடாமலே அலாரத்தை நிறுத்தும் கிளிப்: 2023 மே மாதம் இதை விற்பனைப் பட்டியலில் இருந்து நீக்கும்படி ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.
• இறுக்கமான சீட் கவர்: சில கார்களில் சைடு ஏர்பேக் சீட்டின் ஓரத்தில் இருந்துதான் விரியும். தடிமனான கவர் அதை மறிக்கும்.
• டேஷ்போர்டு மேல் சாமி சிலை, பெர்ஃப்யூம் பாட்டில்: பயணி பக்க ஏர்பேக் விரியும் மூடியின் மேல் ஒட்டினால், அது விபத்தில் முகத்தை நோக்கிப் பறக்கும் கல்.

ஷோரூமில் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. ரேட்டிங் கொடுத்தது யார்? பாரத் என்கேப்பா, குளோபல் என்கேப்பா?
2. எந்த வருஷம் சோதிச்சது? இப்போ விற்கிற மாடல்தானா, பழைய ஜெனரேஷனா?
3. பெரியவர், குழந்தை ரெண்டுக்கும் தனித்தனியா எத்தனை ஸ்டார், எத்தனை மார்க்?
4. நான் வாங்கப் போகும் வேரியன்ட்டுக்கு அந்த ரேட்டிங் பொருந்துமா? சோதிச்ச காரில் இருந்த ஏர்பேக், இஎஸ்சி எல்லாம் இதிலும் இருக்கா?
5. ஆறு ஏர்பேக் எந்த வேரியன்ட்டில் இருந்து வருது? எல்லா கார்களிலும் ஆறு ஏர்பேக் கட்டாயமாகும் என்று 2022-ல் பேச்சு எழுந்தது. ஆனால் கட்டாயமாக்கப் போவதில்லை என்று 2023 செப்டம்பரில் அமைச்சர் கட்கரி சொல்லிவிட்டார். அதனால் தானாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.
6. பின்சீட் நடுவில் மூணு முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் இருக்கா, இல்லை இடுப்பு பெல்ட் மட்டும்தானா?
7. சைல்டு சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி எந்தெந்த சீட்டில் இருக்கு?
8. பின்சீட்டில் பெல்ட் போடலைன்னா அலாரம் அடிக்குமா?

சேல்ஸ்மேன் சொல்வதோடு விட வேண்டாம். பாரத் என்கேப் இணையதளத்தில் ஒவ்வொரு காரின் முழு ரிப்போர்ட்டும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் டம்மியின் படம் வண்ணத்தில் இருக்கும். பச்சை என்றால் நல்ல பாதுகாப்பு, மஞ்சள் போதுமானது, ஆரஞ்சு சுமார், பழுப்பு பலவீனம், சிவப்பு மோசம். மார்க் கணக்கு புரியாவிட்டாலும் பரவாயில்லை. நெஞ்சும் தலையும் என்ன நிறத்தில் இருக்குன்னு பார்த்தாலே பாதி விஷயம் புரிஞ்சுடும்.

பட்ஜெட் இடிக்கும்போது, சன்ரூஃப் உள்ள வேரியன்ட்டா, ஆறு ஏர்பேக் உள்ள வேரியன்ட்டா என்ற கேள்வி வரும். எதை விட்டாலும் ஏர்பேக்கை விடாதீங்க. கைக்குழந்தை இருந்தால் காரோடு சேர்த்து சைல்டு சீட்டுக்கும் பட்ஜெட் போட்டுவிடுங்க.

சோதனைக் கூடத்தில் 5 ஸ்டார் வாங்கிய ஒவ்வொரு காரிலும் டம்மிகள் பெல்ட் போட்டிருந்தன. அந்த ரேட்டிங் உங்கள் காருக்கும் பொருந்தணும்னா, முன்சீட், பின்சீட் வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் 'க்ளிக்' சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பணும்.